பருந்துக்கு எதிர்வீடு

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் தலையில் ஓர் அறை வாங்கினேன். பின்னாலிருந்து, சத்தமே இல்லாமல், யாரோ ஈரத்துண்டைச் சுழற்றி அடித்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. அண்ணாந்து பார்த்தால் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பருந்து, வாலை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டு, சாவகாசமாக வட்டம் போடுகிறது. உச்சந்தலையைத் தடவினேன், விரலில் ஒரு பொட்டு ரத்தம். கீழே ஓடிவந்து கணவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என்னங்க, குஞ்சு பொரிச்சாச்சு!"

அவர் டெட்டாலைத் தேடப் போனார். நான் பைனாகுலரைத் தேடப் போனேன்.

டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இந்த ஊரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் புகை, குளிர், வெயில், டிராஃபிக் என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நானும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே காலம் தள்ளியிருக்கிறேன், வேறென்ன! இப்போது என்னிடம் கேளுங்கள். காட்டு ஜீவன்களோடு ஒரே தெருவில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுத்துவைத்த ஊர் கிடையாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். லோதி தோட்டத்துக்குப் போனால் சாம்பல் இருவாச்சி தலைக்கு மேலே அத்திப்பழம் பொறுக்குகிறது. முனீர்க்காவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு சஞ்சய் வனத்து நரி ஊளைதான் ராத்திரித் தாலாட்டு. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பார்களே, அந்தக் கணக்கில் அவள் இந்நேரம் கோடீஸ்வரி ஆகியிருக்க வேண்டும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் நீல்காய் மாடு மாதிரி நின்று மேய்கிறது. 2016 நவம்பரில் யமுனா பல்லுயிர்ப் பூங்காவுக்குச் சிறுத்தையே வந்து தங்கிவிட்டது. தெற்கே அசோலா பட்டி சரணாலயத்தில் இன்றைக்கும் சிறுத்தைகள் உண்டு. ஒரு காலத்தில் பதர்பூர் மணலுக்காக வெட்டி வெட்டிக் குடைந்த பள்ளங்கள் அங்கே. இன்று அவை நீலமாகத் தண்ணீர் நிற்கும் ஏரிகள்.

இருந்தாலும் என் மனசு பருந்திடம்தான். மற்றதெல்லாம் போய்ப் பார்க்க வேண்டிய சங்கதி. பருந்து தேடிவந்து தலையில் அடிக்கும்.

நாங்கள் இருப்பது மயூர் விஹார். பெயர்தான் மயில் குடியிருப்பு. ஆட்சி நடத்துவது கரும்பருந்து. எங்கள் மூன்றாவது மாடிக்கு நேர் எதிரே ஒரு தைல மரம். அதன் கவட்டில் ஆறு வருஷமாக ஒரே கூடு. ஜனவரிக் குளிரில், மூச்சு விட்டால் வெண்புகை வரும் காலையில், இரண்டும் சுள்ளி சுமக்க ஆரம்பித்துவிடும். கூடு என்றால் தூக்கணாங்குருவிக் கூட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். பொறியியல் சுத்த மோசம். சுள்ளி, கம்பி, கிழிந்த சாக்கு, பிளாஸ்டிக் பை, யாரோ ஒரு பையனின் காலுறை எல்லாம் சேர்ந்த ஒரு காயலான் கடை. அதற்குள்தான் இரண்டோ மூன்றோ முட்டை, ஒரு மாதம் அடை, பிறகு வெள்ளைப் பஞ்சு உருண்டையாகக் குஞ்சுகள். குஞ்சு வந்த நாள் முதல் எங்கள் மாடி அவற்றின் மாடி. நான் துணி காயப்போடக் குடை பிடித்துக்கொண்டு போவேன். கீழ்வீட்டு அங்கிள் ஜி ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு வடகத்துக்குக் காவல் இருப்பார். மே மாதம் குஞ்சுகள் பறக்கத் தேறியதும் போர் நிறுத்தம்.

என்னை ஏன் அடித்தது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நிஷாந்த் குமார் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் இந்த ஊர்ப் பருந்துகளைப் பல வருஷமாகத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். மனிதர்களிடமிருந்து நிறைய இரை கிடைக்கும் இடங்களில்தான், அதிலும் வேண்டுதலுக்காக இறைச்சி வீசும் பேட்டைகளில்தான், பருந்துகள் கூட்டுக்காக மனிதர்களோடு அதிகம் மோதுகின்றன என்று அவர்கள் 2018இல் எழுதினார்கள். நன்றி கெட்ட பறவை என்று தோன்றுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகிய பிறகுதானே சண்டை போட முடியும். முன்பின் தெரியாதவர்களிடம் யார் போய்ச் சண்டை போடுவார்கள்?

வேண்டுதல் என்றேன் அல்லவா, அதைப் பார்க்க ஒருநாள் சாயங்காலம் பழைய டெல்லிக்குப் போங்கள். ஜாமா மசூதிப் பக்கம். சதக்கா என்கிற தானத்துக்காக இறைச்சித் துணுக்கு வாங்கிப் பருந்துக்குப் போடுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், பையனுக்குப் பரீட்சை, ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, எதற்கும் சதக்கா. நான் போன அன்று தாடி நரைத்த ஒரு பெரியவர் துணுக்கை அள்ளி மேலே விசிறினார். அடேயப்பா! வானம் கவிழ்ந்து கீழே வந்தது. நூறா இருநூறா, எண்ணவே முடியவில்லை. ஒன்றோடொன்று உரசாமல், இறக்கையை மடக்கி விழுந்து, காலால் பிடித்து, பறந்தபடியே குனிந்து வாயில் போட்டுக்கொள்கின்றன. ஒரு துணுக்குகூடத் தரையில் விழவில்லை. கீழே காத்திருந்த பூனை வெறுத்துப்போய் எழுந்து போயிற்று. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்; பக்கத்தில் நின்ற சின்னப் பெண் என் முழங்கையைத் தட்டி, வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான், மேலே இருநூறு பறவை.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிட்டு நிற்கும் வீட்டில் பிறந்தவள் நான். அந்தப் பெரியவரின் முகத்தில் இருந்த காத்திருப்பு எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் திருக்கழுக்குன்றத்தில், மத்தியான வெயிலில் பாறையில் உட்கார்ந்து, குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு வருவதையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவை காசியில் முழுகிவிட்டு வருகின்றன என்று பாட்டி சொல்வாள். இரண்டு வெள்ளைக் கழுகு, மஞ்சள் முகம். தொண்ணூறுகளின் கடைசியில் அவை வராமலே போய்விட்டன. டெல்லியில் வேண்டுதலும் நிற்கவில்லை, வருகையும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அனுமனுக்காகக் குரங்குக்கு வாழைப்பழம், ஜைனர்கள் புறாவுக்கு இறைக்கும் தானியம், பருந்துக்குச் சதக்கா. இந்த ஊர் ஜீவன்கள் பாதிக்கு நம்முடைய கவலைகள்தான் சாப்பாடு போடுகின்றன. இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது!

கணக்கு என்றதும் இன்னொன்று. கலூஷின் என்ற சோவியத் பறவையியலாளர் டெல்லியின் இரைகொல்லிப் பறவைகளை எண்ணி, 1971இல் 'ஐபிஸ்' இதழில் எழுதினார். சுமார் 150 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 2,400 ஜோடிக் கரும்பருந்து, 400 ஜோடிப் பிணந்தின்னிக் கழுகு. சதுர கிலோமீட்டருக்குப் பதினாறு ஜோடிப் பருந்து. நாற்பது வருஷத்துக்கும் மேலான பிறகு நிஷாந்த் குமாரின் குழு எண்ணியபோது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் பதினைந்து கூடு. யோசித்துப் பாருங்கள்! 1971இல் 40 லட்சம் பேர் இருந்த டெல்லி 2011இல் 1.68 கோடி ஆகிவிட்டது. மேம்பாலம் வந்தது, மெட்ரோ வந்தது, ஊர் நாலு மடங்கு வீங்கியது. பருந்து தன் வீதாசாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் பெரிய ரகசியமில்லை: காலனிகளில் விட்டுவைத்த பெரிய மரங்கள், மூடாத குப்பை, அதோடு அந்தச் சதக்கா. கழுகுகளுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் வழியே அவற்றின் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டன. அந்த 400 ஜோடியைப் பார்க்காமல் இந்த ஊருக்கு வந்துவிட்டேனே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு.

ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகுமா என்று நம்மூரில் கேட்பார்கள். இங்கே பருந்துதான் ஊர்க்குருவி. 2012இல் சிட்டுக்குருவியை டெல்லியின் மாநிலப் பறவையாக அறிவித்தார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் வீட்டிலிருந்து மாநிலப் பறவையைப் பார்க்க ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் வந்தால் இன்னொரு கூத்து. எங்கள் மாடியிலிருந்து கிழக்கே காஜிப்பூர் குப்பைமலை தெரியும். 1984இல் தொடங்கிய கிடங்கு. தாஜ்மகாலை எட்டிப்பிடிக்கிற உயரத்துக்கு வளர்ந்து, பேப்பர்களில் எல்லாம் வந்துவிட்டது. நாற்றம் அடிக்கிற நாளில் நானும் முனிசிபாலிட்டியைத் திட்டுகிற ஆள்தான். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் மேல் சுழலும் பருந்துக் கூட்டத்தைப் பார்த்தால், திட்டு பாதியில் நின்றுவிடும். புகைச்சுருள் மாதிரி, மேலே மேலே, கண் எட்டுகிற மட்டும். அதில் பாதி உள்ளூர் இல்லை. கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா, சீனாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவை. கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு, ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம். பத்தொன்பது பறவைகளுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டிப் பார்த்ததில், இவை 3,300 முதல் 4,800 கிலோமீட்டரை மூன்று நான்கு வாரத்தில் கடக்கின்றன என்று தெரிந்தது. எந்த வழியாக? இமயமலைக்கு மேலேயே, 6,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில்! காற்றே மெலிந்துபோகிற உயரத்தில் மலையைத் தாண்டி வந்து, காஜிப்பூரில் கோழிக்குடல் சாப்பிடுகிறது. பாட்டி சொன்ன காசி முழுக்கு இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

விருந்தாளி என்றால் யமுனைக் கடற்காகங்களையும் விட்டுவிட முடியாது. டிசம்பர் காலை, காஷ்மீரி கேட் பக்கத்துப் படித்துறை, பால் மாதிரிப் பனி. படகுக்காரர் ஓமப்பொடிப் பொட்டலம் விற்பார். "ஆவோ, ஆவோ" என்று குரல் கொடுத்து ஒரு பிடி வீசினால், வெள்ளைச் சிறகெல்லாம் சேர்ந்து படகைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல இருக்கும். வடக்குத் திசையிலிருந்து அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்குக் கடலைமாவு பொரித்துப் போடலாமா என்றால், கூடாதுதான். நான் இரண்டு வருஷமாகப் பொட்டலம் வாங்குவதில்லை. ஆனால் மற்றவர்கள் வீசும்போது கண்ணை மூடிக்கொள்கிற அளவுக்கு நான் துறவி ஆகவில்லை.

செப்டம்பரில் டெல்லிக்கு வருகிறவர்களை நான் குதுப் மினாருக்கு அழைத்துப் போவதில்லை. மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போவேன். டிக்கெட் வாங்கி, புலிக் கூண்டையும் யானையையும் தாண்டி நேரே குளத்துக்கு. குளத்து நடுவே தீவுகளில் சீமைக் கருவேல மரம். ஊரில் வேரோடு பிடுங்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்டதே, அதே மரம்தான். அதன் மேல் கிளைக்குக் கிளை மஞ்சள் மூக்கு நாரை! கூண்டு கிடையாது, கம்பி கிடையாது, யாரும் கொண்டுவந்து விடவும் இல்லை. 1959இல் மிருகக்காட்சிசாலை திறந்தார்கள்; அடுத்த வருஷமே இவை தாமாக வந்து கூடு கட்டிவிட்டன. அன்றிலிருந்து மழைக்காலம் முடிகிற நேரத்தில் வருவது, குஞ்சு பொரிப்பது, வெயில் ஏறுவதற்குள் கிளம்புவது. யமுனைக் கரையிலும் சுற்றுவட்டார ஏரிகளிலும் மீன் பிடித்துக்கொண்டு வந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும். உச்சி வெயிலில் தாய் இறக்கையை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும் பாருங்கள், ரோஜா நிறச் சிறகு காற்றில் ஆட, பின்னால் புராணா கிலாவின் மதில். அங்கே நின்று நான் அழுதிருக்கிறேன். வேடந்தாங்கல் பார்த்தவள்தான், கூந்தன்குளம் பார்த்தவள்தான். ஆனால் ரிங் ரோடு ஹாரன் சத்தத்துக்கு நடுவே, அலகை அலகோடு தட்டுகிற அந்த மரச் சத்தம் கேட்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. சில வருஷம் பறவைக் காய்ச்சல் வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், 2016 அக்டோபரில் சாத்திய மாதிரி. நான் வெளியே நின்றபடி மேலே பறந்து போகிறவற்றை எண்ணிவிட்டு வருவேன்.

குரங்கைப் பற்றி ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன், அதற்கு மேல் எழுத எனக்கு மனசு இல்லை. சர்க்கார் அலுவலகங்களில் ஃபைலைக் கிழித்ததும், மந்திக் குரங்கைக் கட்டிவைத்து விரட்டிப் பார்த்ததும், அதற்குத் தடை வந்தபின் மந்தி மாதிரிக் குரல் கொடுக்க ஆட்களையே வேலைக்கு வைத்ததும் பழைய கதை. 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்கு மந்திகளின் கட்-அவுட் வைத்தார்கள். சினிமா நடிகருக்குக் கட்-அவுட் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, பாலாபிஷேகம்தான் பாக்கி. என் சொந்தப் பகை வேறு. போன ஜனவரியில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். பேத்திக்கு டைஃபாய்டு வந்து இறங்கியதும் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்குக் காசு முடிந்துவைக்க, வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து மாடிச் சுவரில் காயப்போட்டாள். பத்து நிமிஷத்தில் துணியைக் காணோம். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து ஒன்றும் தெரியாத மாதிரி முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மாவுக்குப் பருந்தைக் கண்டால் பக்தி. முதல் நாளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா, கருடன்னா செம்பருந்து. கழுத்து வெள்ளையா இருக்கும். இது கரும்பருந்து" என்றேன். "இருக்கட்டும்ட்டி. கருடாழ்வாருக்குச் சித்தப்பன் பெரியப்பன் கெடையாதா?" என்று இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். அவள் இருந்த ஒன்றரை மாதமும் காலைக் காப்பி மாடியில்தான். கூட்டில் ஆண் சுள்ளி கொண்டுவந்து வைப்பதும், பெண் அதை எடுத்து வேறிடத்தில் வைப்பதுமாகப் பார்த்துவிட்டு, "எல்லா வீட்டுலயும் இதே கததான்" என்பாள்.

இந்தப் பறவைகளுக்கு எமன் யார் தெரியுமா? மாஞ்சா. சுதந்திர தினத்தை ஒட்டி டெல்லி வானம் முழுக்கக் காத்தாடி. கண்ணாடித் தூள் பூசிய நூலும், சீன மாஞ்சா என்கிற நைலான் நூலும் பறக்கிற பருந்தின் இறக்கையை எலும்பு வரை அறுத்துவிடும். 2017 ஜனவரியிலேயே தடை போட்டாயிற்று. சந்துக்குச் சந்து கிடைக்கிறது. அறுபட்டு விழுந்தவற்றைத் தூக்கிப்போக வஜீராபாத்தில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத். சோப்பு ஊற்றும் டப்பா செய்கிற சின்ன பட்டறை, அதன் நிலவறையில் பருந்துக்குத் தையல். சின்ன வயதில் சதக்கா வீசப் பெரியவர்களோடு போனவர்கள்தான் இவர்களும். ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. 2022இல் சன்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கி, அடுத்த வருஷம் ஆஸ்கர் பரிந்துரை வரை போயிற்று. நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஒரு காட்சியில் ஒரு பருந்து சகோதரர்களின் உதவியாளருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு பறக்கும். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மே மாதம் இரண்டாவது வாரம் எங்கள் குஞ்சுகளில் மூத்தது பறந்தது. பறந்தது என்று சொல்வது மரியாதைக்கு. கிளையிலிருந்து தவறி, நாலு தடவை இறக்கையை அடித்து, எங்கள் சின்டெக்ஸ் தொட்டி மேல் வந்து மோதி உட்கார்ந்தது. நாற்பத்துநாலு டிகிரி வெயில். வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளை மாதிரி முழித்தது. மகளும் நானும் சமையலறை ஜன்னல் வழியே மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் எதிர்க் கம்பத்தில் உட்கார்ந்து கூப்பிட்டது, இறங்கிவந்து ஊட்டவில்லை. ஒரு மணி நேரம். பிறகு அது எழுந்து, சரிந்து, கிட்டத்தட்டக் கரண்ட் கம்பியில் விழப்போய், காற்று பிடித்து மேலே போயிற்று. மகள் கை தட்டினாள். கீழ்வீட்டு அங்கிள் ஜி ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார்.

ஜூன் முதல் வாரத்தில் ஆந்தி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு, ராஜஸ்தான் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வரும் புழுதிக் காற்று. அது ஓய்ந்த பிறகு விளக்குமாற்றோடு மாடிக்குப் போனேன். கூட்டில் பாதி பிய்ந்து எங்கள் மாடியில் சிதறிக் கிடந்தது. சுள்ளி, கம்பி, சிகரெட் அட்டை, ஒரு பக்கத்துக் காலுறை. அதற்கு அடியில், எச்சம் பட்டு, ஓரம் நைந்து, இன்னும் மஞ்சள் போகாமல், அம்மாவின் துணி.

தொட்டி மேல் அன்றைக்கும் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அம்மாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். குஞ்சு அதன் மேல்தான் படுத்திருந்திருக்கும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ரெண்டு குஞ்சும் பறந்துட்டுல்லா?"

"பறந்துட்டும்மா."

"சரி. அலசிக் காயப்போடு. இந்தத் தடவ கிளிப்பு மாட்டு."